நினோவுக்கு ஒரு கடிதம்: மொந்திலிவியில் மூன்று முறை

அன்புள்ள நினோ,

வணக்கம். தமிழில் கால்பந்து பற்றி எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். ஸ்பெயின் என்றால் பார்சிலோனா, ரியல் மாட்ரிட், மெஸ்ஸி, ரொனால்டோ என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறோம். உங்களைப் பற்றி ஒரு பத்திகூட என் கண்ணில் பட்டதில்லை. அந்தக் குறை எனக்கு ரொம்ப நாளாக உண்டு. அதனால் உங்களுக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கூட இருந்து வாசிக்கிற நண்பர்களுக்கு உங்களை அறிமுகப்படுத்த வேண்டும். முழுப்பெயர் ஹுவான் பிரான்சிஸ்கோ மார்டினெஸ் மொடெஸ்டோ. 1980 ஜூன் 10 அன்று அல்மேரியா மாகாணத்தின் வேரா என்ற சிறு ஊரில் பிறந்தவர். 1990களின் கடைசியில் எல்ச்சே அணிக்காக ஆடத் தொடங்கினார், 2021இல் அதே எல்ச்சேயில் முடித்தார். நடுவில் லெவாந்தே, டெனரிஃபே, ஒசாசுனா. இருபது வருடங்களுக்கும் மேல் ஸ்ட்ரைக்கர். அதில் பெரும்பகுதி, சுமார் பதினைந்து சீசன், செகுண்டா என்கிற இரண்டாம் டிவிஷனில்.

அந்த லீக் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் உங்கள் அருமை புரியும். 22 அணிகள், 42 சுற்றுகள். முதல் இரண்டு இடங்களில் வருகிற அணிகள் நேராக லா லிகா என்கிற முதல் டிவிஷனுக்குப் போகும். 2010-11இலிருந்து மூன்றாவதிலிருந்து ஆறாவது வரை உள்ள அணிகள், மேலே ஏறும் மூன்றாவது அணி எது என்பதற்காக பிளே-ஆஃப் ஆட வேண்டும். கடைசி நான்கு கீழே விழும். மேலே போவதும் கீழே விழுவதும் வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை. 2015இல் வந்த சட்டத்தின்படி டிவி உரிமைப் பணத்தில் 90 சதவீதம் முதல் டிவிஷனுக்கு, மிச்சம் 10 சதவீதம்தான் இரண்டாம் டிவிஷனுக்கு. ஆக, மே மாதத்தில் ஒரு ஸ்ட்ரைக்கர் தவறவிடும் ஒரு கோல், டிக்கெட் கொடுக்கிறவர் முதல் புல் வெட்டுகிறவர் வரை எல்லாருடைய அடுத்த வருடச் சம்பளத்தையும் தொட்டுவிடும். அந்த அழுத்தத்தில் வருடக்கணக்காக கோல் அடித்துக்கொண்டே இருப்பது சாதாரணக் காரியமா?

2008-09 சீசனைச் சொல்லாமல் இருக்க முடியாது. டெனரிஃபே, பயிற்சியாளர் ஓல்த்ரா. நீங்கள் 29 கோல், உங்கள் கூட்டாளி அல்ஃபாரோ 20 கோல். இரண்டு பேர் சேர்ந்து ஒரு அணியையே தூக்கிக்கொண்டு போனீர்கள். செகுண்டாவில் அதிக கோல் அடித்தவருக்கான பிச்சிச்சி விருது உங்களுக்கு வந்தது. நீங்கள் உயரமானவர் இல்லை, புயல் வேகமும் கிடையாது. பாக்ஸுக்குள் டிஃபெண்டரின் கண் பந்துமேல் போகிற அந்த அரை நொடியில் இடம் மாறிவிடுவீர்கள். உங்கள் கோல்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தால் பாதி கோல்களில் பந்துக்காகக் காத்திருப்பது போலத்தான் தெரியும். அந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததுதான் ஆட்டமே என்பது இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் புரிகிறது.

அப்புறம் மொந்திலிவி. ஜிரோனா அணியின் மைதானம். இந்த விஷயம் முதலில் என் கண்ணில் பட்டபோது தேதிகளை மறுபடி மறுபடி சரிபார்த்தேன், நம்ப முடியவில்லை. 2009 ஜூன் 13: டெனரிஃபே ஜிரோனாவை அதன் மைதானத்திலேயே வென்று லா லிகாவுக்கு ஏறியது. 2016 ஜூன் 18: பிளே-ஆஃப் இறுதியில் ஒசாசுனா, கென்னன் கொத்ரோ அடித்த ஒரே கோலில், அதே மைதானத்தில் வென்று ஏறியது. 2020 ஆகஸ்ட் 23: எல்ச்சே, மறுபடி பிளே-ஆஃப் இறுதி, மறுபடி மொந்திலிவி. மூன்று அணிகளிலும் நீங்கள். வயது 29, 36, 40. இப்படி ஒரு கதையை யாராவது கற்பனையாக எழுதியிருந்தால் "கொஞ்சம் ஓவர்" என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். ஜிரோனா ரசிகர்களை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது. 2022இல் அவர்கள் பிளே-ஆஃப் வென்று ஏறியது உங்கள் பழைய டெனரிஃபேயின் மைதானத்தில். அன்று நீங்கள் யாருக்காக வருத்தப்பட்டீர்களோ!

2020ஐப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டும். பெருந்தொற்றால் லீக் மூன்று மாதம்போல நின்று, கோடையில் காலி மைதானங்களில் தொடர்ந்த சீசன் அது. எல்ச்சே ஆறாவது இடம். அதுவும் உறுதியில்லை. ஃபுயன்லப்ராதா அணியில் தொற்று பரவி, டெபோர்ட்டிவோவுடனான அவர்களின் கடைசி ஆட்டம் தள்ளிப்போனது. அவர்கள் ஒரு புள்ளி எடுத்திருந்தாலும் உங்களுக்கு பிளே-ஆஃப் இல்லை. நீங்கள் ஊரில் காத்திருக்க, ஆகஸ்ட் 7 அன்று அவர்கள் 2-1 என்று தோற்றார்கள். அடுத்து பிளே-ஆஃப் அரையிறுதியில் சரகோசா. முதல் ஆட்டம் கோலில்லாமல் முடிந்தது. இரண்டாம் ஆட்டம் சரகோசாவின் மைதானத்தில், அங்கேயும் டிரா ஆனால் தரவரிசையில் மேலே இருந்த சரகோசாதான் போகும். ஆட்டம் முடியப் பத்து நிமிடம்போல இருக்கும்போது கோல். அடித்தது நீங்கள். நாற்பது வயது!

இறுதியிலும் அதே கணக்குதான், டிரா ஆனால் ஜிரோனாவுக்கு. 96ஆவது நிமிடத்தில் பெரே மிய்யாவின் ஹெட்டர் உள்ளே போனது. அந்த கோலை எல்லாரும் நினைவு வைத்திருக்கிறார்கள், நியாயம்தான். ஆனால் சரகோசாவில் நீங்கள் அடித்தது இல்லாவிட்டால் மொந்திலிவிக்கு எல்ச்சே போயே இருக்காது. இதை உரக்கச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஏறியதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கியதை மறைத்தால் அது உங்களுக்கு மரியாதை இல்லை. டெனரிஃபே லா லிகாவில் ஒரே சீசன்தான் தாங்கியது. நீங்கள் அங்கே 14 கோல் அடித்தும் அணி இறங்கியது, அடுத்த வருடமே மூன்றாம் டிவிஷனுக்கும் சரிந்தது. ஒசாசுனாவுடன் லா லிகாவில் மூன்று வருடம், 2014இல் இறக்கம். 2016இல் அவர்களை மேலே ஏற்றிய பிறகு நீங்கள் அவர்களோடு லா லிகா ஆடவில்லை. எல்ச்சே திரும்பினீர்கள். அதுவும் எந்த எல்ச்சே? 2015இல் புள்ளிப் பட்டியலில் பத்திரமான இடத்தில் முடித்தும், கடன் பாக்கிக்காக லீக் நிர்வாகம் இறக்கிவிட்ட எல்ச்சே. 2017இல் அது மைதானத்திலும் தோற்று, செகுண்டா பி என்கிற மூன்றாம் டிவிஷனுக்கு விழுந்தது. அப்போது அங்கே 80 அணிகள், நான்கு குரூப், வருடத்துக்கு ஏறியது நான்கே அணிகள். அங்கிருந்து வெளியே வர முடியாமல் பல வருடம் கிடந்த பழம்பெரும் கிளப்கள் உண்டு.

37 வயதில் நீங்கள் அங்கே ஆடினீர்கள். 2018இல் வில்லாரியல் பி அணியை வென்று எல்ச்சே மேலே வந்தது. அதற்கு இரண்டு வருடம் கழித்து லா லிகா.

அந்தக் கடைசி சீசனில்தான் உங்கள் அணியை நேரலையில் பார்க்க முடிந்தது. அப்போது இந்தியாவில் லா லிகா பேஸ்புக்கில் இலவசமாக ஓடியது. நீங்கள் பெரும்பாலும் பெஞ்சில். கேமரா எப்போதாவது உங்களைக் காட்டும். 2021 மே 22, கடைசிச் சுற்று: அத்லெட்டிக் பில்பாவோவை 2-0 என்று வென்று எல்ச்சே தப்பியது, வுயெஸ்கா இறங்கியது. லா லிகாவில் நிலைத்து நிற்கும் அணியாக எல்ச்சேயை விட்டுவிட்டு நீங்கள் விடைபெற்றீர்கள்.

ஒன்று கேட்க வேண்டும். 2017 கோடையில், அணி செகுண்டா பி-க்கு விழுந்தபோது, போதும் என்று நிறுத்தியிருக்கலாம். ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தச் சில வாரங்களில் யாரிடம் பேசினீர்கள், எப்படி முடிவெடுத்தீர்கள்? எல்லாப் பேட்டிகளிலும் உங்களிடம் கோல்களைப் பற்றியே கேட்கிறார்கள். எனக்கு இந்தப் பதில்தான் வேண்டும். முடிந்தால் எழுதுங்கள், ஸ்பானிய மொழியிலேயே எழுதினாலும் சரி, படிக்க ஆள் பிடித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தமிழ் வாசகன்