லாங்வுட் சோலை: குளிரைவிட ஈரம்தான் ஆளைப் படுத்தும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மார்கழி, தை மாதங்களில் நீலகிரிக்கு வருகிறவர்களுக்கென்று பத்திரிகைகளில் வரும் குறிப்புகள் குல்லா, ஸ்வெட்டர், கையுறையோடு நின்றுவிடுகின்றன. கோத்தகிரி லாங்வுட் சோலைக்குள் நடக்கப் போகிறவர்களுக்கு அது பாதிக் கணக்குதான்.

சுமார் 116 ஹெக்டேர் பரப்புள்ள இந்தப் பழங்காடு 2024 ஜனவரியில் ராம்சர் எனப்படும் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. காட்டுக்கு எப்படி ஈரநிலப் பட்டம் என்று கேட்பவர்கள் பாதையோரச் சருகைக் கொஞ்சம் விலக்கிப் பார்க்கலாம். மேல் இலை மொறுமொறுவென்று இருக்கும். அதற்கடுத்தது தோல்போல் துவண்டிருக்கும். அதற்கும் கீழே கையில் ஒட்டும் கறுப்பு மண். வடகிழக்குப் பருவமழையில் குடித்த தண்ணீரை அந்த மண் மாதக்கணக்கில் சிறுகச் சிறுக ஓடைக்கு விடுகிறது. சுற்றியுள்ள ஊர்களுக்கு அதுதான் குடிநீர்.

உறைபனி புல்வெளியிலும் தேயிலைப் பள்ளங்களிலும் விழும். சோலைக்குள் விழுவது அரிது. தரையின் வெப்பத்தை மேலே மூடிய இலைக்கூரை விடாது. ஆனால் அதே கூரை வெயிலையும் விடாது. மூடுபனி பிடித்த நாளில் இலை நுனியெல்லாம் முற்பகல் வரை சொட்டிக்கொண்டே இருக்கும். தடித்த ஸ்வெட்டரோடு நடப்பவருக்குக் கால் மணி நேரத்தில் உள்ளே வியர்க்கும், பருத்திப் பனியன் நனையும். நடக்கும்வரை ஒன்றும் தெரியாது. சாப்பிட உட்கார்ந்ததும் பல் தந்தியடிக்கும். உள்ளே சீக்கிரம் காயும் பாலியஸ்டர் சட்டை, மேலே மெல்லிய கம்பளி, அதற்கு மேல் தொப்பி வைத்த மழைக்கோட்டு போதும். கம்பளி இல்லாமல் லேசாகக் குளிரும் நிலையிலேயே நடையைத் தொடங்கி, நிற்கும்போது கம்பளியைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் அன்றைக்குக் காயாது.

வழுக்கி விழுபவர்கள் பெரும்பாலும் இறக்கத்தில், பாசி படிந்த வேரில் கால் வைத்துத்தான் விழுகிறார்கள். வேரை மிதிக்காமல் தாண்டி, இடையில் உள்ள மண்ணில் கால் பதிக்க வேண்டும். அடிப்பகுதி தேய்ந்த ஷூ இங்கே செருப்புக்குச் சமம்.

ஈரம் இருக்கும்வரை அட்டையும் இருக்கும். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகி, மாற்றுச் சாக்ஸ் இரண்டு ஜோடியை நனையாத பையில் வைத்துக்கொள்ளலாம். கடித்துவிட்டால் இழுத்துப் பிடுங்கக் கூடாது. ஒல்லியான முனைதான் வாய். அதன் அடியில் நகத்தை நுழைத்துத் தள்ளி, பிறகு பருத்த முனையை விடுவிக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க அது எதையோ செலுத்தியிருப்பதால் கசிவு கொஞ்ச நேரம் நீடிக்கும். பயப்பட வேண்டாம், சுத்தத் துணியால் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். உப்பு மூட்டையைக் குச்சியில் கட்டி ஷூவில் தொட்டுக்கொள்ளலாம். தரையில் தூவுவது சோலைக்குச் செய்யும் அநியாயம்.

காலை எட்டு மணிக்கு முன் நுழையாமல், மூன்றரைக்குள் வெளியே வந்துவிடுவது நல்லது. நாலரைக்கெல்லாம் உள்ளே மங்கிவிடும். கரடி நடமாடும் நேரம் அது. பாதையில் காட்டுமாடு நின்றால் அதற்குத்தான் வழி: வந்த பக்கமே ஓசையின்றிப் பின்வாங்க வேண்டும், செல்பியெல்லாம் கூடாது. வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் உள்ளே போகக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. குளிரில் தாகம் தெரியாது என்றாலும் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும், அதுவும் எவர்சில்வர் பாட்டிலில்.

வனத்துறைக்கு ஒரு வேண்டுகோள். ஈரச் சேறு ஷூவின் பள்ளங்களில் அப்பிக்கொள்ளும்போது உண்ணிச்செடி (லாண்டானா), சீகை (வாட்டில் மரம்) போன்ற அயல் தாவரங்களின் விதைகளும் சேர்ந்தே வருகின்றன. சீகை விதை முளைக்காமல் மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் கிடக்கும். சோலை ஓரத்தில் ஒரு மரம் சாய்ந்து வெளிச்சம் விழுந்ததும் கிளம்பிவிடும். நுழைவாயிலில் ஒரு முரட்டு பிரஷ்ஷைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டு, "ஷூவின் அடியைத் தேய்த்துவிட்டு உள்ளே வரவும்" என்று ஒரு பலகை வைத்தால் நல்லது. செலவு ஐந்நூறு ரூபாய்கூட ஆகாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி