ஸ்பெல்லிங்குக்கு ஒரு வெள்ளி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் மகன் தொடக்கநிலை 2இல், அதாவது இரண்டாம் வகுப்பில், படிக்கிறான். சென்ற ஆண்டுதான் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தோம். வீட்டில் தமிழில் ஓயாமல் பேசுகிறவன், வகுப்பில் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறான் என்று அவன் ஆசிரியை சொன்னதும் எனக்குப் பதற்றமாகிவிட்டது. வாரம் இரண்டு நாள் துணைப்பாட வகுப்பு, வீட்டில் அசெஸ்மென்ட் எனும் பயிற்சிப் புத்தகம், போதாததற்கு ஸ்பெல்லிங்கில் முழு மதிப்பெண் வாங்கினால் ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தருவதாகவும் சொன்னேன்.

மதிப்பெண் வந்தது. ஆனால் ஒரு வாரம் கழித்து அதே சொல்லைப் புத்தகத்தில் காட்டினால் வாசிக்கத் தெரியவில்லை. ஒருமுறை காசு கொடுக்க மறந்தபோது, "அப்புறம் எதுக்கும்மா படிக்கணும்?" என்று கேட்டான். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

1971இல் எட்வர்ட் டெசி என்ற அமெரிக்க உளவியலாளர் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தியிருக்கிறார். புதிருக்கு விடை கண்டால் காசு என்று பழக்கிவிட்டு, பிறகு காசை நிறுத்தியதும், ஓய்வு நேரத்தில் அவர்கள் அந்தப் புதிரைத் தொடுவது குறைந்துபோனது. என் பிள்ளையைப் பார்த்தே எழுதியது போல இருந்தது.

சரி, காசை நிறுத்தினேன். நூலகத்தில் அவனே புத்தகம் எடுக்கட்டும் என்று விட்டேன், எல்லாமே டைனோசர் புத்தகங்கள். தினமும் ஒரு பக்கத்தை வாசித்துக் கைப்பேசியில் பதிவுசெய்து, அவனே கேட்டு, தடுக்கிய சொற்களை ஒரு தாளில் எழுதிவைக்கிறான். நாளைக்கு எத்தனை பக்கம் என்பதும் அவன் முடிவுதான், நான் இடையில் புகுந்து திருத்துவதில்லை. பொருள் தெரியாவிட்டால் தமிழில் கேட்பான். 'எக்ஸ்டிங்க்ட்' என்றால் அடியோடு அழிந்துபோனது என்றேன், உடனே "அப்போ டோடோ பறவையும்தானே?" என்றான். திட்டமிடுவது, செய்யும்போதே தன்னைக் கவனிப்பது, முடித்தபின் திரும்பிப் பார்ப்பது என்று பேரி ஸிம்மர்மன் போன்ற கல்வி ஆய்வாளர்கள் சொல்வதும் இதைத்தான். சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் வராது என்று நினைத்திருந்தேன், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் வருகிறது.

தொடக்கநிலை 1, 2இல் 2019 முதல் தேர்வு கிடையாது. 2023க்குள் மற்ற நிலைகளிலும் அரையாண்டுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். இப்படி நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த நேரத்தை நாமே டியூஷனால் அடைத்துவிடுகிறோம், எனக்கு இது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

துணைப்பாட ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பயிற்சித்தாளில் சிவப்பு மை போடும் முன், தன் தவற்றைப் பிள்ளையே தேட ஐந்து நிமிடம் கொடுங்கள். பள்ளிகளும் சிண்டா எனும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமும் இதைப் பெற்றோருக்குத் தமிழிலேயே விளக்கிச் சொல்லும் கூட்டங்களை நடத்தினால், ஆங்கிலத்தில் கேள்வி கேட்கத் தயங்கும் என்னைப் போன்ற அம்மாக்கள் கட்டாயம் வருவோம்.

இப்படிக்கு,
ஒரு தாய், உட்லண்ட்ஸ்