ஹெட்லைட் அட்ஜஸ்டர் உடைந்தால் எந்தப் பாகத்தைக் கேட்டு வாங்குவது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "ஒரு பக்க லைட் கீழே தொங்கிவிட்டது, டூமையே மாற்றணும் என்கிறார்கள்" என்று சொல்லிக்கொண்டு கடைக்கு வருகிறவர்கள் அதிகம். டூம் என்பது முழு ஹெட்லைட் பெட்டி. லைட்டின் முன்கண்ணாடி தெளிவாகவும், உள்ளே வெளிச்சத்தைத் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டர் கறுக்காமலும், டூமை வண்டியில் பிடிக்கும் காதுகள் முழுசாகவும் இருந்தால் டூமை மாற்ற வேண்டாம். உடைந்திருப்பது பெரும்பாலும் அட்ஜஸ்டரில், அதாவது வெளிச்சத்தின் திசையை அமைக்கும் பாகத்தில், கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் சாக்கெட்தான். ஆனால் அதை வண்டிப் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் லைட் செய்த கம்பெனி மாறினால் சாக்கெட்டும் திருகும் மாறிவிடும்.

டூமுக்குள் ரிஃப்ளெக்டர் மூன்று புள்ளிகளில் நிற்கிறது. ஒன்று அசையாத பால் ஜாயின்ட். மற்ற இரண்டும் திருகுகள்: ஒன்று வெளிச்சத்தை ஏற்றி இறக்க, இன்னொன்று இடம் வலம் திருப்ப. வெளிச்சத்தின் உயரத்தைச் சுவிட்சால் மாற்றும் லெவலிங் மோட்டார் உள்ள வண்டியில் மோட்டார், ஏற்றி இறக்கும் புள்ளியோடு சேர்ந்திருக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு பந்தும் அதைக் கவ்வுகிற சாக்கெட்டும் உண்டு.

எது போனது என்று சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி, டிம்மைப் போட்டுப் பாருங்கள். திருகைச் சுற்றினால் வெளிச்சம் நகர்கிறது, ஆனால் பானட்டைத் தட்டினால் ஆடுகிறது என்றால் சாக்கெட் தளர்ந்திருக்கிறது. திருகு சுற்றியும் வெளிச்சம் அசையவில்லை என்றால் மரை தேய்ந்திருக்கும், அல்லது திருகின் தலையிலுள்ள பல்சக்கரம் வழுக்கும். வண்டிக்குள் இருக்கும் லெவலிங் சுவிட்சை 0-விலிருந்து 3-க்குத் திருப்பும்போது மோட்டார் சத்தம் கேட்டும் வெளிச்சம் இறங்காவிட்டால் பெரும்பாலும் மோட்டார் நல்லதுதான். அதன் பந்து சாக்கெட்டை விட்டு வெளியே வந்திருக்கும். இதைத் தெரியாமல் புது மோட்டார் வாங்கிப் போனவர்கள் உண்டு.

அளவு எடுக்க வெர்னியர் காலிப்பர் என்ற நுண் அளவுகோல் வேண்டும். பந்தின் விட்டம், பந்துக்குக் கீழுள்ள கழுத்தின் தடிமன், திருகின் மொத்த நீளம், மரையின் விட்டம், இரண்டு மரைக்கு இடையிலுள்ள தூரம், சாக்கெட் ரிஃப்ளெக்டரில் உட்காரும் துளையின் வடிவம். இந்த ஆறும் தெரிந்தால் பாதிப் பிழை போய்விடும். பந்து அளவில் அரை மில்லிமீட்டர் விட்டுக்கொடுத்தாலும், கையில் பொருந்தியது போலிருந்து முதல் வேகத்தடையிலேயே வெளியே வந்துவிடும்.

பொருளைப் பற்றி எங்கள் முடிவு இது: உலோகப் பந்துக்கு நைலான் சாக்கெட். இரண்டுமே உலோகம் என்றால் அதிர்வில் தேய்ந்து கடகடக்கும். சாதாரண பிஎல்ஏ பிளாஸ்டிக் இழையில் 3டி பிரின்ட் செய்தவை சுமார் 60 டிகிரியிலேயே இளகும். டூமுக்குள் அவை நிற்காது. ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம். நைலானில் அது சரியாகப் பிடிக்காது என்பது ஒரு பக்கம். அதிலிருந்து எழும் ஆவி ரிஃப்ளெக்டரிலும் கண்ணாடியிலும் வெள்ளையாகப் படிந்து, நல்ல டூமையும் கெடுத்துவிடும்.

சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் பழைய டூம் வாங்கிப் பாகம் எடுப்பதில் தவறில்லை. ஆனால் அதிலுள்ள சாக்கெட்டும் அதே வயது, அதே சூடு கண்டது. திருகையும் மோட்டாரையும் எடுங்கள். சாக்கெட்டை மட்டும் புதிதாகப் போடுங்கள்.

உடைந்த காரணத்தையும் பாருங்கள். 60/55 வாட் (பிரைட்/டிம்) எச்4 வகைப் பல்புக்குச் செய்யப்பட்ட டூமில் 100/90 வாட் பல்பு போட்டிருந்தால், புது சாக்கெட்டும் அதே வழியில் காய்ந்து நொறுங்கும்.

பொருத்தும்போது முதலில் பழைய திருகு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். புதியதையும் அதே நீளத்துக்கு வைத்தால் வெளிச்சம் கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே வரும். நைலான் சாக்கெட்டைச் சில நிமிடம் வெந்நீரில் போட்டெடுத்து, துடைத்துவிட்டு அழுத்துங்கள். காய்ந்த நைலான் விரிசல் விடும். பந்தில் பட்டாணி அளவு சிலிகான் கிரீஸ் போதும். சாதாரண கிரீஸ் சூட்டில் ஆவியாகிக் கண்ணாடியில் மங்கலாகப் படியும்.

மோட்டாரைப் போடும்போதுதான் பலர் தவறுகிறார்கள். பல்பைக் கழற்றி, அந்தத் துளை வழியாக விரலை விட்டு ரிஃப்ளெக்டரின் விளிம்பை உங்கள் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். பளபளப்பான பக்கத்தில் விரல் படக் கூடாது. அந்தப் பூச்சு துடைத்தாலே போய்விடும். பந்து 'டக்' என்று சாக்கெட்டில் உட்கார்ந்த பிறகே மோட்டாரைத் திருப்பிப் பூட்டுங்கள். உட்காராமல் பூட்டினால் பந்து சாக்கெட்டின் ஓரத்தில் முட்டி, புது சாக்கெட்டையே உடைக்கும்.

முன்கண்ணாடியைத் திறந்தே ஆக வேண்டிய டூம்களில் ஒட்டுப்பசை எது என்று பாருங்கள். கறுப்பாக, விரலில் பிசுபிசுக்கும் பியூட்டைல் பசை என்றால், சூடான காற்று ஊதும் ஹீட் கன்னை ஓரிடத்தில் நிறுத்தாமல் சுற்றிலும் காட்டினால் இளகும். கல் போல் இறுகிய பசை என்றால் நெம்பாதீர்கள், கண்ணாடிதான் உடையும்.

கடைசியில் வெளிச்சத்தை அமைக்க வேண்டும். சமதளம், சரியான டயர் காற்று, ஓட்டுநர் இருக்கையில் ஒரு ஆள், சுவிட்ச் 0-வில். டூமில் 1% என்று அச்சிட்டிருந்தால் 10 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் வெளிச்சத்தின் மேல்கோடு, விளக்கின் மைய உயரத்தைவிட 10 செ.மீ. கீழே விழ வேண்டும். 5 மீட்டரில் 5 செ.மீ. இங்கே இடப்பக்கம் ஓட்டுவதால் கோடு இடப்பக்கம்தான் ஏற வேண்டும். வலப்பக்கம் ஏறினால் அது வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குச் செய்த டூம். எந்த அட்ஜஸ்டரும் அதைச் சரிசெய்யாது, எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைத்துக்கொண்டே இருக்கும்.

கடைக்கு வரும்போது உடைந்த துண்டுகளைத் தூக்கி எறியாமல் ஒரு கவரில் போட்டு எடுத்து வாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் பாகத்தின் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம், டூமின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் எண் தெரிய ஒரு படம்.

இப்படிக்கு,
கடையிலிருந்து