யோகா வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சோமனூர் பக்கம் 27 வருடமாக விசைத்தறி ஓட்டுகிறேன். காலை 8 மணிக்கு ஏறினால் இரவு 8 மணிக்குத்தான் ஷிப்ட் மாறும். வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் காதுக்குள் தறி ஓடிக்கொண்டே இருக்கும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதாக வீட்டில் சொல்வார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பு, எளிய உடற்பயிற்சியும் தியானமும் சொல்லிக்கொடுக்கும் மனவளக்கலை மன்றத்தில் சேர்ந்தேன். இந்தப் பயிற்சியை உருவாக்கிய வேதாத்திரி மகரிஷி கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். அதனாலேயே எனக்கு அங்கே போகத் தயக்கம் இருக்கவில்லை. கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சுப்பயிற்சி என்று போய் கடைசியில் வருவது உடல் தளர்த்தல். மல்லாந்து படுத்து உடம்பை விடச் சொன்னார்கள். விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சொல்லிக்கொடுப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, என் வலது மணிக்கட்டைப் பிடித்து ஒரு ஜாண் தூக்கி, கையை விட்டார். கை விழவில்லை. அறுந்த நூலை எடுக்கப் போவது போல அப்படியே அந்தரத்தில் நின்றது. "இன்னும் நீங்கதான் புடிச்சிருக்கீங்க அண்ணா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கால் விரலில் தொடங்கி கெண்டைக்கால், தொடை, வயிறு, தோள் என்று ஒவ்வொரு இடமாக மனதை நிறுத்தி, மூச்சு வெளியே போகும்போது அந்த இடத்தை விட வேண்டும். தாடைக்கு வந்தபோதுதான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடப்பதே தெரிந்தது. முதல் இரண்டு வாரம் பாதியிலேயே தூங்கிப்போனேன். தூக்கம் வேறு, இது வேறு; விழிப்போடு கிடக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார்கள். ஏறக்குறைய 40 நாள் கழித்து ஒரு நாள் அவர் கையைத் தூக்கி விட்டதும் பொத்தென்று பாயில் விழுந்தது. அன்று கடன், பாவு நூல், கூலி எதுவும் நினைவில் ஓடவில்லை. மூச்சு போய் வருவது மட்டும் தெரிந்தது.

இப்படி மல்லாந்து படுத்து உடம்பை விடும் சவாசனம் களைப்பைப் போக்கி மனதுக்கு ஓய்வு தரும் என்று ஹட யோக பிரதீபிகை என்ற பழைய யோக நூலிலேயே இருக்கிறது. ஆனால் போன ஜூன் 21 அன்று, ஷிப்டுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நான் போன ஒரு யோகா தின நிகழ்ச்சியில், ஆசனங்கள் முடிந்து எல்லோரும் படுத்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. போட்டோ எடுக்க எழுந்து நிற்கச் சொல்லிவிட்டார்கள். பக்கத்தில் இருந்த வயதான அம்மா அவசரமாக எழுந்து தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். வலப்பக்கம் திரும்பி, கையை ஊன்றி மெதுவாக எழ வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

யோகா தினம் நடத்துகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: ஆசனத்தில் இரண்டைக் குறைத்தாலும் பரவாயில்லை, படுக்கிற பத்து நிமிடத்தில் கை வைக்காதீர்கள். விசைத்தறி ஊர்களில் காலை 6 மணி வகுப்போடு நிறுத்தாமல் இரவு 8.30 மணிக்கும் ஒன்று வையுங்கள். இரவு ஷிப்ட் ஆட்கள் காலையில் வரட்டும், பகல் ஷிப்டை முடித்த நாங்கள் நேராக அங்கே வந்துவிடுகிறோம்.

– விசைத்தறித் தொழிலாளி, சோமனூர்