கோப்புறையை நகர்த்துவதற்கு முன் இதைப் படி

ரோஸ் ஹில், மொரீஷியஸ்

அன்புள்ள தோழிக்கு,

முதலில் நீ கேட்டதற்குப் பதில்: வேண்டாம். உன் தம்பி மகன் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறான். ஆனாலும் நூல், கட்டுரை விவரங்களைச் சேர்த்து வைத்து மேற்கோள் காட்ட உதவும் நம் ஜோட்டெரோ மென்பொருளின் கோப்புறையை அப்படியே டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் போன்ற இணையச் சேமிப்பிடத்தில் தூக்கிப் போட்டு, மூன்று கணினியிலும் அதையே திறக்கும் யோசனையை இன்றோடு விட்டுவிடு. ஏற்கெனவே நகர்த்திவிட்டாய் என்றால், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை எந்தக் கணினியிலும் ஜோட்டெரோவைத் திறக்காதே.

காரணம் சொல்லாவிட்டால் நீ கேட்க மாட்டாய், சிதம்பரத்து விடுதியிலிருந்தே எனக்குத் தெரியும். அந்தக் கோப்புறைக்குள் போய்ப் பார். ஜோட்டெரோ.எஸ்க்யூலைட் என்று ஒரு கோப்பு இருக்கும். இத்தனை ஆண்டும் நீ சேர்த்த தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, குறிப்பு எல்லாமே அந்த ஒரு தரவுத்தளக் கோப்பில்தான் இருக்கிறது. பக்கத்தில் ஸ்டோரேஜ் என்றொரு கோப்புறை. அதற்குள் எட்டெழுத்துப் பெயரில் சின்னச் சின்னக் கோப்புறைகள், உன் பிடிஎஃப்கள் அவற்றில். ஜோட்டெரோ திறந்திருக்கும்போது அந்தத் தரவுத்தளத்தில் எழுதிக்கொண்டே இருக்கும். டிராப்பாக்ஸுக்கு அது தெரியாது. எழுதி முடியாத கோப்பையும் எடுத்து மேலே ஏற்றிவிடும். பல்கலைக்கழகக் கணினியில் மூடாமல் வந்துவிட்டு வீட்டு லேப்டாப்பில் திறந்தாய் என்றால், ஒரே கோப்பில் இரண்டு இடத்திலிருந்து எழுத்து விழும். அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு நகல் மிஞ்சும். இல்லாவிட்டால் தரவுத்தளமே சிதைந்துபோகும். தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெடிங், அதாவது முறைவைத்த மின்வெட்டு, இப்போது பரவாயில்லை என்று எழுதியிருந்தாய். அது திரும்பி வந்தால், பாதி ஏற்றத்தில் மின்சாரம் போவதையும் இதோடு சேர்த்துக்கொள்.

கோப்புறை அந்தந்தக் கணினியில் அது பிறந்த இடத்திலேயே இருக்கட்டும். மூன்றிலும் ஒரே பயனர் பெயரில் நுழைந்து, ஜோட்டெரோவுக்குள்ளேயே இருக்கும் 'சிங்க்' என்ற ஒத்திசைவு வசதியை இயக்கு. அது தரவுத்தளத்தை முழுசாகத் தூக்கிச் செல்வதில்லை. மாறிய பதிவை மட்டும் அனுப்பி வாங்கும். நீ வீட்டில் ஒரு பதிவின் ஆண்டைத் திருத்தி, அலுவலகத்தில் அதே பதிவின் பக்க எண்ணைத் திருத்தியிருந்தால், இரண்டையும் தானே சேர்த்துக்கொள்ளும். ஒரே இடத்தை இரண்டு விதமாகத் திருத்தியிருந்தால் எது வேண்டும் என்று உன்னையே கேட்கும்.

வரிசை முக்கியம். எந்தக் கணினியில் முழுமையான நூலகம் இருக்கிறதோ, அதிலிருந்து முதலில் ஏற்று. பிறகு ஜோட்டெரோ தளத்தில் நுழைந்து, உன் நூலகம் அங்கே முழுதாக வந்திருக்கிறதா என்று கண்ணால் பார். அதற்கப்புறம்தான் இரண்டாவது கணினி. எக்ஸ்போர்ட் செய்து பென் டிரைவில் கொண்டுபோய் இம்போர்ட் செய்யும் பழைய வழக்கம் உனக்கு உண்டு, அதை மட்டும் செய்யாதே. இம்போர்ட் ஆகும்போது ஒவ்வொரு பதிவும் புதிய பதிவாகப் பிறக்கும். உன் வேர்டு கோப்பில் இருக்கும் மேற்கோள்கள் பழைய பதிவையே தேடிக்கொண்டிருக்கும். ஆய்வேடு பாதி எழுதிய நிலையில் இது நடந்தால் ஒவ்வொரு மேற்கோளையும் கையால் மாற்றி இணைக்க வேண்டிவரும்.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பதிவுகளின் சிங்க் வேறு, இணைத்த கோப்புகளின் சிங்க் வேறு. பதிவுகளுக்கும் குறிப்புகளுக்கும் கட்டணமும் கிடையாது, வரம்பும் கிடையாது. பிடிஎஃப், படம் போன்ற கோப்புகளுக்கு இலவசமாகக் கிடைப்பது 300 எம்பி மட்டும். இன்றைய போனில் எடுக்கும் ஒரு படமே மூன்று நான்கு எம்பி வரும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் நீ ஒரு பகலில் எடுத்துத் தள்ளும் படங்களுக்கே அது போதாது. அதனால் காப்பகப் படங்களைத் தனித்தனியாக உள்ளே போடாதே. ஒரு ஆவணக் கட்டுக்கு ஒரு பதிவு வைத்து, அதன் பக்கங்களைச் சாம்பல் நிறத்தில் சுருக்கி ஒரே பிடிஎஃப் ஆக்கி இணை. மூலப்படங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும்.

அங்கே டேட்டா விலை உயிரை வாங்குகிறது என்று நீ புலம்பாத கடிதம் கிடையாது. அமைப்பில், கோப்புகளை 'தேவைப்படும்போது மட்டும் இறக்கு' என்று வைத்துவிடு. அப்போது லேப்டாப்பில் பட்டியல் முழுதும் இருக்கும், நீ திறக்கும் பிடிஎஃப் மட்டும் இறங்கும். படிக்கும்போது ஜோட்டெரோவின் சொந்தப் படிப்பானிலேயே கோடிடு. 2022-இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து அந்தக் கோடுகளும் ஓரக்குறிப்புகளும் பிடிஎஃப்பின் உள்ளே போவதில்லை, தரவுத்தளத்தில்தான் சேர்கின்றன. ஆகவே அவை பதிவுகளோடு இலவசமாகவே மற்றக் கணினிகளுக்குப் போய்விடும். வேறொரு மென்பொருளில் திறந்து கோடிட்டால் பிடிஎஃப்பே மாறும், அதை மறுபடி முழுசாக ஏற்ற வேண்டும்.

உன் பல்கலைக்கழகம் வெப்டேவ் வசதியோடு, அதாவது ஜோட்டெரோ இணையம் வழியே நேராகக் கோப்பு வைத்து எடுக்கக்கூடிய விதத்தில், சேமிப்பிடம் தருகிறதா என்று விசாரி. கிடைத்தால் உன் சொந்த நூலகத்தின் கோப்புகளை அங்கே வைக்கலாம், 300 எம்பி கவலை தீர்ந்தது. நாம் இருவரும் பகிரப்போகும் குழு நூலகத்துக்கு அந்த வழி இல்லை.

அந்தக் குழுவைப் பற்றித்தான் உன்னிடம் நிறையப் பேச வேண்டும். இங்கிருந்து அங்கே போனவர்களைப் பற்றி நாம் இருவரும் தனித்தனியாகச் சேர்த்து வைத்திருப்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. 1875-இல் இந்தத் தீவில் பிறந்து, தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலுக்குப் போய், காந்தியோடு சத்தியாகிரகத்தில் நின்று சிறை சென்ற தம்பி நாயுடு பெயரளவிலாவது பலருக்குத் தெரிந்தவர். அவரைப் போல இங்கேயே பிறந்தோ, இங்கே கூலி ஒப்பந்தம் முடித்தோ, கப்பலேறி உங்கள் டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தவர்களில் எத்தனை பேருக்கு ஒரு வரியாவது எழுதப்பட்டிருக்கிறது? அவர்களின் தொடக்கம் இங்கே மோக்கா ஊரில், மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்றப் பதிவேடுகளில் இருக்கிறது. முடிவு உங்கள் ஊர்க் காப்பகங்களில் இருக்கிறது. 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி, உங்கள் கப்பல் பட்டியல்களில் எண், தகப்பன் பெயர், வயது, ஊர் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துத் தேடினால்தான் ஒரு மனிதரை முழுசாகப் பார்க்க முடியும்.

தேடுவதும் எளிதல்ல. இங்கே எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதில் வீரப்பன் வீராப்பென் ஆகியிருக்கிறார், முத்துசாமி மூட்டூசாமி ஆகியிருக்கிறார். அங்கே ஆங்கிலேயர் கேட்டு எழுதியது இன்னொரு விதம். ஆகையால் ஒவ்வொரு பதிவிலும் ஆவணத்தில் உள்ள எழுத்தை மாற்றாமல் அப்படியே வைத்து, தமிழ்ப் பெயரைக் குறிச்சொல்லாகச் சேர்ப்போம். தமிழ்நாட்டு ஆசிரியர்களின் நூல்களைச் சேர்க்கும்போது பெயரை இரண்டு கட்டமாகப் பிரிக்காமல் ஒற்றைக் கட்டத்துக்கு மாற்றிவிடு. இல்லாவிட்டால் தகப்பனார் பெயர் மேற்கோளில் மகன் பெயராகிவிடும். காப்பகம், காப்பகத்தில் உள்ள இடம் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. அவற்றை வெற்றாக விட்ட பதிவை நான் குழுவில் சேர்க்க விடமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

குழுவை என் கணக்கில் தொடங்குகிறேன். கோப்புகளுக்கான இடம் தொடங்கியவர் கணக்கில்தான் கழியும். ஆண்டுக்கு 20 டாலருக்கு 2 ஜிபி கிடைக்கிறது, அதை நான் கட்டிக்கொள்கிறேன், மறுக்காதே. அழைத்தவர் மட்டும் நுழையும் தனிக்குழுவாக வைப்போம். பதிவேடுகளில் பல குடும்பங்களின் விவரம் இருக்கிறது, காப்பகப் படிகளை ஊருக்கெல்லாம் பரப்ப நமக்கு உரிமையும் கிடையாது. குறிப்பு எழுதும்போது ஒரே குறிப்பில் இருவரும் கைவைக்காமல், ஒரே பதிவின் கீழ் உனக்கொன்று எனக்கொன்று என்று தனித்தனியாக எழுதுவோம். இன்னொன்றையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும்: கட்டுரையில் மேற்கோள் எடுப்பது குழு நூலகத்திலிருந்தா, அவரவர் நூலகத்திலிருந்தா? உன் நூலகத்திலிருந்து குழுவுக்கு இழுத்துப் போட்டால் அங்கே உருவாவது தனி நகல். ஒன்றில் திருத்தினால் மற்றது மாறாது. குழுவிலிருந்தே எடுப்போம் என்பது என் கருத்து.

இவ்வளவும் செய்த பிறகும் பேக்கப் வேண்டும். சிங்க் பேக்கப் ஆகாது, இதை நான் பார்ப்பவரிடமெல்லாம் சொல்கிறேன். ஒரு கணினியில் நீ அழித்தது மற்ற இரண்டிலும் அழிந்துவிடும். குப்பைத் தொட்டியில் கிடந்தாலும், நீ அமைப்பை மாற்றாவிட்டால் முப்பது நாளுக்கு மேல் நிற்காது. மாதத்துக்கு ஒருமுறை ஜோட்டெரோவை மூடிவிட்டு, அந்தக் கோப்புறையை முழுசாக ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடு. அந்த டிஸ்க் கணினி இருக்கும் வீட்டிலேயே இருக்கவும் வேண்டாம். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதந்ததை நீயும் செய்தியில் பார்த்திருப்பாய். அன்றிலிருந்து என் நகல் ஒன்று கியூர்ப்பிப்பில் அண்ணன் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

இதில் நான் இத்தனை பிடிவாதமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பக்கத்துத் தமிழாசிரியர் ஒருவர், பெயர் வேண்டாம், கோயில் கோயிலாகப் போய்ப் பழைய அழைப்பிதழ், பாட்டு நோட்டு, சங்கக் கணக்கு என்று வாழ்நாள் முழுதும் சேர்த்து, எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி வைத்திருந்தார். போன ஆண்டு காலமாகிவிட்டார். பிள்ளைகள் ஐரோப்பாவில். கணினியைத் திறக்கக் கடவுச்சொல் யாருக்கும் தெரியவில்லை, வேறெங்கும் நகலும் இல்லை. காகிதங்களில் பெரும்பகுதி ஏற்கெனவே கறையானுக்குப் போயிருந்தது. அவர் மனைவி அந்தக் கணினியைத் துடைத்துத் துணி போர்த்தி வைத்திருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் பாட்டன் பூட்டன் பெயர்கள் நூற்றைம்பது ஆண்டு காகிதத்தில் தாக்குப்பிடித்து வந்து, நம் கையில் தொலையக் கூடாது. உன் கடவுச்சொல்லை எழுதி உன் மகளிடம் கொடு. நான் என் மகனிடம் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. இந்த முறை காவடிக்கு நடந்தே கோயிலுக்கு வந்து, வாழையிலையில் ஏழு கறியும் சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டியேறினாள். உன்னைப் பற்றிக் கேட்டாள், டர்பன் பெண் இன்னும் காரம் கூட்டித்தான் சமைக்கிறாளா என்று. மகன் ரியூனியனில் வேலைக்கு முயல்கிறான். கிடைத்தால் நல்லது, பக்கத்துத் தீவுதானே.

மூன்று கணினியில் எதில் நூலகம் முழுமையாக இருக்கிறது என்று பார்த்து, அதிலிருந்து முதலில் ஏற்று. ஏற்றி முடித்ததும் உன் ஜோட்டெரோ பயனர் பெயரை அனுப்பு, அன்றே குழுவுக்கு அழைப்பு வரும். நாயுடுவைப் பற்றி நீ சேர்த்து வைத்திருக்கும் டிரான்ஸ்வால் செய்தித்தாள் நறுக்குகளை முதல் தொகுதியாகப் போடு. நான் மோக்காவில் எடுத்த பதிவேட்டுப் பக்கங்களைத் தயாராக வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் விடுதித் தோழி