கரிந்ததெல்லாம் சாப்பாடு அல்ல

அன்புள்ள யாழினி,

தென்னமெரிக்காவின் திட்டிகாகா ஏரிக்கரை அகழாய்வில் தாவர மாதிரிகள் உன் பொறுப்பு என்று தெரிந்து சந்தோஷம். மற்றவர்கள் கண்ணெல்லாம் பானை ஓட்டில்தான் இருக்கும். உன் மண்மூட்டையை ஓரம் தள்ளுவார்கள். விட்டுக்கொடுக்காதே.

அடுப்பு, தரை, குப்பைக்குழி என்று ஒவ்வொரு இடத்திலும் 10 லிட்டர் மண் எடு. அளவைச் சீட்டில் எழுதினால்தான் லிட்டருக்கு இத்தனை விதை என்று பிறகு ஒப்பிட முடியும். தொட்டித் தண்ணீரில் மண்ணைக் கரைத்தால் கரிந்த விதைகள் மிதந்து வழியும். அதைப் பிடிக்கும் துணியின் கண் அரை மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஆண்டீஸ் மலைத் தானியமான கினோவாவின் விதையே 2 மி.மீ. வாக்கில்தான், காட்டு வகைகள் அதைவிடப் பொடி. பிடித்ததை நிழலில் உலர்த்து. 3,800 மீட்டர் உயரத்து வெயிலில் ஈரக்கரி சட்டென்று காய்ந்து நொறுங்கிவிடும். தொட்டி மேல் சந்தேகம் வந்தால், கருக்கிய கசகசா 100 எண்ணி ஒரு மாதிரியில் போட்டு, எத்தனை திரும்பி வருகிறது என்று பார். பழைய ஆண்டீஸில் கசகசா கிடையாது, அதனால் குழப்பம் வராது.

அடுப்பில் கினோவா குவியலாகக் கிடைத்ததும் ‘இதுதான் இவர்கள் சோறு’ என்று எழுதிவிடாதே. மரம் அரிதான அந்த மேட்டுநிலத்தில் லாமாப் புழுக்கையும் விறகுதான். லாமா மேய்ந்த களையின் விதை அதோடு வந்து கரிந்திருக்கலாம். விதையைப் பக்கவாட்டில் திருப்பி நுண்ணோக்கியில் பார். பயிரிட்டதற்கு ஓரம் சீவினாற்போல் தட்டையாக இருக்கும், தோல் மெல்லிசு. காட்டு வகைக்கு ஓரம் உருண்டிருக்கும், தோல் தடிப்பு.

மக்காச்சோளத்தை யார் தின்றார்கள் என்பதை எலும்பில் தேட வேண்டும். உருளைக்கிழங்கு, கினோவாவைவிட மக்காச்சோளத்தில் கார்பன்-13 என்ற கனமான கார்பன் கூடுதல், தின்றவர் எலும்பில் அது பதியும். பெருவின் மந்தாரோ பள்ளத்தாக்கில் இன்காக்கள் வந்த பிறகு, சில ஆண்களின் எலும்பில் அந்தத் தடம் பெண்களைவிடக் கூடியிருந்தது. இன்கா அரசு வேலை வாங்கிய ஆண்களுக்கு ஊற்றிய சிச்சா என்ற மக்காச்சோள பீர்தான் காரணம் என்பது தொல்தாவர ஆய்வாளர் கிறிஸ்டின் ஹஸ்டார்ஃபின் வாதம். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

உருளைக்கிழங்குதான் பெரிய தலைவலி. வேகவைத்துத் தின்ற கிழங்கு கரியில் தேறுவது அபூர்வம். பனியில் உறையவிட்டு, மிதித்துக் காயவைத்த சூன்யோவும் அப்படியே. அதன் மாவுமணிகளை அரைகல்லின் பொளிகளிலும் பானையின் உள்பக்கத்திலும்தான் தேட வேண்டும். ஆகவே கல்லை யாரையும் கழுவ விடாதே. கையுறைப் பவுடர் பல சமயம் மக்காச்சோள மாவு. அதோடு தொட்டால் எல்லாக் கல்லிலும் மக்காச்சோளம் அரைத்ததாகவே தெரியும். பவுடர் இல்லாததாகப் பார்த்து வாங்கு. லா பாஸில் கிடைக்காவிட்டால் எழுது, அனுப்பிவைக்கிறேன்.

அம்மா