ஷூ கம்பெனி பஸ்ஸை யாராவது படம் எடுக்கட்டும்

காட்பாடி,
அக்டோபர் 2024

அன்புள்ள குட்டிக்கு,

நீ எழுதியதைப் படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், அதற்குள் இன்டர்னல் வந்துவிட்டது, அப்புறம் ஆயுத பூஜை லீவு, குடியாத்தம் போய் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு வந்து இப்போதுதான் கை சும்மா இருக்கிறது. உங்கள் கோயம்புத்தூர் மெஸ்ஸில் சப்பாத்தி மென்மையாக இருக்கிறது என்று பெருமை அடித்திருந்தாய். சரி, நன்றாக இரு. இங்கே சாம்பாரைப் பற்றி நான் வாயைத் திறப்பதாக இல்லை.

ஹாஸ்டல் கதை எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். காலையில் பக்கெட் வரிசை, துணி காயப்போட கம்பிக்குச் சண்டை, சாயங்காலம் ஆறரைக்கு கேட் மூடல். இந்த ஆறரைதான் நாங்கள் எந்தப் படத்தை எப்போது பார்ப்பது என்பதைத் தீர்மானிக்கிறது. சனிக்கிழமை மதியக் காட்சி, அதுவும் அவுட்பாஸ் வாங்கி. காரணம் என்கிற கட்டத்தில் சினிமா என்று எழுத முடியாது, அதனால் எல்லோரும் 'புத்தகம் வாங்க' என்று எழுதுவோம், வார்டனும் வெறுங்கையோடு திரும்பி வருகிறவர்களைப் பார்த்து ஒன்றும் கேட்க மாட்டார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் போக வரச் செலவு மிச்சம். ஆனால் டிகிரி முடிந்ததோடு புதுமைப் பெண் திட்டத்தில் மாதாமாதம் வந்த ஆயிரமும் நின்றுவிட்டது, எம்.ஏ.வுக்குக் கிடையாது, அதனால் இப்போது ஒரு படத்துக்குப் போவதற்கு முன்னால் நிறைய யோசிக்கிறோம்.

மெய்யழகனுக்கு அழுதேன் என்று எழுதியிருந்தாய். நான் பார்த்தது வெட்டிய பிறகு. அந்த 18 நிமிடத்தை எடுத்தது சரியா தவறா என்று எல்லோரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், எனக்கு அது கேட் மூடுவதற்குள் ஓடி வந்து சேர உதவியது, அவ்வளவுதான். படம் பிடித்தது. பேர் தெரியாத ஒருத்தன் வீட்டில் தங்கி, அவன் அன்பையெல்லாம் வாங்கிக்கொண்டு, பேரைக் கேட்க வெட்கப்பட்டுத் தவிக்கிற அரவிந்த்சாமி முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒரு பொறாமை வந்தது, சொன்னால் சிரிப்பாய். ரெண்டு ஆம்பிளைகள் விடிய விடிய உட்கார்ந்து பழைய கதை பேசுகிறார்கள், யாரும் நேரமாச்சு என்று கூப்பிடுவதில்லை. நீயும் நானும் எந்த ஊரில் எந்தக் குளக்கரையில் போய் அப்படி உட்கார்வது?

லப்பர் பந்துக்கு வகுப்பே கிளம்பிப் போனது. 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' பாட்டு வந்ததும் தியேட்டரில் விசில், எங்கள் பிள்ளைகளும் அடித்தார்கள், முன் வரிசையில் இருந்த பையன்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கிரிக்கெட் படம் என்று போனால் ஜாதியைப் பற்றி அடிக்கவேண்டிய இடத்தில் அடித்து, குடும்பத்துக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. எனக்கு ஸ்வாசிகாதான். டிராக்டரில் வந்தார் பார், அப்பாடா. வேட்டையனுக்கு ரூம்மேட்கள் போனார்கள், எனக்கு அன்று தலைவலி.

நீ கண்டிப்பாகப் பார்க்கவேண்டியது கொட்டுக்காளி. பின்னணி இசையே இல்லை. ஆட்டோ சத்தம், சேவல் சத்தம், தொண்டையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு கரகரவென்று பேசுகிற சூரி. அந்தப் பெண், அன்னா பென், படம் முழுக்கப் பேசுவது ஒரே ஒரு தடவை. பேய் ஓட்டக் கூட்டிக்கொண்டு போகிறார்கள், ஆனால் அந்தக் கூட்டத்திலேயே தெளிவாக இருக்கிறவள் அவள்தான். முடிவைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்று பக்கத்து சீட்டில் ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்கிற குரலில் திட்டினார். எனக்கு அந்த இடத்தில் நிறுத்தியதுதான் நியாயம் என்று பட்டது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு எனக்கு ஒரு குறை. மெய்யழகன் தஞ்சாவூர் மண், கொட்டுக்காளி மதுரைப் பக்கம், வாழை தாமிரபரணிக் கரை. நம் வட ஆற்காடு எங்கே? சினிமாவில் வேலூர் என்றால் ஜெயில், கதாநாயகன் தண்டனை முடிந்து வெளியே வருகிற கதவு. நம் பேச்சு வந்தால் அதுவும் மெட்ராஸ் ரவுடி வாயிலிருந்துதான் வரும். எங்கள் ஆயா 'இன்னாடி பண்ணிக்கினு கீற' என்று கேட்பதில் எவ்வளவு செல்லம் இருக்கும், அதைப் படத்தில் எவனோ கத்தியை வைத்துக்கொண்டு கேட்கிறான்.

போன மாதம் சார் எங்களை வேலூர்க் கோட்டைக்குக் கூட்டிப்போனார். 1806 ஜூலை 10, தலைப்பாகை மாற்றச் சொன்னதற்கும் நெற்றியில் குறி கூடாது என்றதற்கும் சிப்பாய்கள் எழுந்தது, மைசூர்க் கொடியை ஏற்றியது, ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து எல்லாவற்றையும் முடித்தது. எல்லாம் ஒரே ராத்திரி, ஒரு காலை. அகழி ஓரம் நின்று அவர் சொல்லும்போதே எனக்குள் படம் ஓடியது. ஆனால் கோட்டை, குதிரை என்று கோடிக்கணக்கில் செலவாகும், யாரோ எடுத்து அதிலும் நாலு பாட்டு வைத்துவிடுவார்கள்.

அது வேண்டாம், உங்கள் அம்மா போகிற பஸ்ஸை எடுத்தால் போதும் என்று நினைக்கிறேன். இருட்டு பிரியாத நேரத்தில் ஊர் ஊராக நின்று ஏற்றிக்கொண்டு ஆம்பூர் போகிற ஷூ கம்பெனி பஸ். உள்ளே முழுக்கப் பெண்கள். ஒருத்தி தலை வாரிக்கொண்டு, ஒருத்தி முந்தின நாள் சண்டையைச் சொல்லிக்கொண்டு, சீட்டுக்காசு கணக்கு ஒரு பக்கம், டிபன் பாக்ஸ் எலுமிச்சை சாத வாசனை ஒரு பக்கம். சாயங்காலம் அதே பஸ்ஸில் ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் வாடையோடு தூங்கி விழுந்துகொண்டு வருவார்கள். பத்தாவது லீவில் நீயும் நானும் ஒருநாள் அதில் ஏறிப்போனோமே, உங்கள் அம்மா தைத்த ஷூ எந்த நாட்டுக்குப் போகிறது என்று சூப்பர்வைசரிடம் கேட்டு நீ திட்டு வாங்கினாய். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு மட்டும் லீவு கேட்டு அவர்கள் கெஞ்சுவதை வைத்தே பாதிப் படம் ஓட்டலாம். நீ எழுது, வசனத்துக்கு எங்கள் ஆயாவை அனுப்புகிறேன்.

தீபாவளிக்கு டிக்கெட் எடுத்துவிட்டாயா இல்லையா? 31 வியாழக்கிழமை வருகிறது, கோவையிலிருந்து வருகிற ரயிலெல்லாம் இந்நேரம் நிரம்பியிருக்கும், தட்கல் என்று உட்கார்ந்திருக்காதே. அன்றைக்கே அமரன் வருகிறது. வீட்டில் இருப்போம், கேட் கிடையாது, ராத்திரிக் காட்சிக்கே போகலாம். உங்கள் அப்பாவிடம் நான் பேசுகிறேன், எங்கள் அம்மாவிடம் நீ பேசு.

உன்
பெஞ்ச்காரி